ராமமூர்த்தி வீட்டுக்கு எதிர் மாடி

2025 ஜூன் 9, திங்கள். காலை 7.10.
பார்த்த வீடுகள் பதினொன்று. பிடித்தது பூஜ்யம்.

அடுத்த திங்கள் ஆம்பூரில் வேலைக்குச் சேர வேண்டும். ஷூ கம்பெனி. வெளியிலிருந்து வாங்கும் தோலைச் சோதித்து பாஸ், ஃபெயில் போடுகிற லேப். ஐந்து மாதமாகச் சொந்த ஊர் கலவையில் உட்கார்ந்து, "தம்பி இன்னும் லீவா?" என்று கேட்கிறவனுக்கெல்லாம் பல்லைக் காட்டியாகிவிட்டது. போதும்.

ஆம்பூர் பைபாஸ் ஓரம் ஒரு வீடு. குழாயில், உப்பை அளக்கும் என் டிடிஎஸ் மீட்டரை வைத்தேன். தண்ணீரா அது, ஊறுகாய் போடலாம். "மீட்டர்லாம் வெச்சுப் பாக்காத தம்பி. முப்பது வருஷமா இதத்தான் குடிக்கறோம்" என்றார் வீட்டுக்காரர். அவர் பல்லைப் பார்த்தேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றி எல்லா வாசலிலும் பெங்காலியில் போர்டு. கல்கத்தாவிலிருந்து வரும் நோயாளிக் குடும்பங்களுக்கு அறையை நாள் கணக்கில் விடுகிறார்கள். மாத வாடகை என்றதும் ஒரு அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மாசத்துக்கா? அதெல்லாம் அந்தக் காலம்."

இன்னொருவர்: "கலவைல எந்தப் பக்கம்?" "வடக்கு." "அதில்ல தம்பி… ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?" "பஸ் ஸ்டாண்டு பக்கம்." வீடு நேற்றே போய்விட்டதாம். சாவி அவர் விரலிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

சரியான விடை ஒன்று இருக்கிறது. தெரியாமல் இல்லை. ஜோசுவாவின் ரூம். காலேஜில் என் பெஞ்ச், இப்போது அதே கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். ஆம்பூரிலேயே, கேட்டுக்குப் பத்து நிமிட நடை. தண்ணீர் கேன் வருகிறது. வாடகையில் பாதி. கணக்குப் போட்டால் முடிந்தது.

நாளை சத்துவாச்சாரியில் ஒன்று பார்க்கிறேன். அதோடு நிறுத்தம்.


ஜூன் 10

வீடு கிடைத்தது. தேடிய காரணம் வேறு, எடுத்த காரணம் வேறு.

சத்துவாச்சாரியில் அந்த வீடு மாடி. கீழே வீட்டுக்காரி கிறிஸ்டினா அம்மா, ரிட்டயர்ட் நர்ஸ். "குடி, சிகரெட்டு, பிரெண்ட்ஸு மூணும் கூடாது" என்று அவர் பட்டியல் படித்துக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு கேட் திறந்தது. வெள்ளைக் கார் பின்னால் வந்தது. ஓட்டியவன் காதில் போன்.

ராமமூர்த்தி.

எழுதி வைக்கிறேன், கோபம் ஆறினாலும் படிப்பதற்கு. தோல் பதனிடும் ராணிப்பேட்டை டேனரியில் நான் லேப் கெமிஸ்ட், அவன் புரொடக்ஷன் மேனேஜர். தோல் மென்மையாக இருக்கக் கடைசியில் எண்ணெய் கொடுப்போம். நல்ல எண்ணெயை நிறுத்திவிட்டு மட்டமான மீன் எண்ணெய்க்கு மாற்றினான். அந்த எண்ணெய் போட்ட தோல் அன்றைக்குச் சோதித்தால் பாஸ். சூட்டில் கிடந்தால், கப்பலில் ஒரு மாதம் வெந்தால், உள்ளே இருக்கும் குரோமியம் விஷக் குரோமியமாகத் திரும்பும். ஓவனில் ஒரு நாள் வைத்துப் பார்த்தபின் அனுப்பலாம் என்றேன். "டயம் இல்ல தம்பி. இன்னிக்கு பாஸா? அப்ப அனுப்பு." ஜனவரியில் ஜெர்மனியிலிருந்து, அனுப்பிய லாட் முழுதும் ஃபெயில் என்று வந்தது. முதலாளி அஹமது பாஷா முன்னால் இவன் சொன்னது ஒரே வரி: "லேப் கெமிஸ்ட்டோட அலட்சியம் சார், இனிமே நடக்காது." ராஜினாமா பேப்பரை அவனே டைப் செய்து வைத்திருந்தான். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனி விசாரித்தாலும் அதே வரிதான் போயிருக்கிறது. நான்கு இடத்தில் வேலை கைக்கு வந்து போனது. ஆம்பூர்க்காரர்கள் மட்டும் விசாரிக்கவில்லை.

அவன் வீட்டுக் கேட்டுக்கு நேர் எதிரே என் பால்கனி. காலையில் கார் எடுக்கும்போது நிமிர்ந்தால் என் முகம். சாயங்காலம் இறங்கும்போது என் முகம். தூக்கம் கெடும். கெடட்டும்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார் கிறிஸ்டினா அம்மா. "அம்மா வந்து கூட இருப்பாங்க. முட்டி வைத்தியத்துக்கு." வாயில் தானாக வந்தது.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.


ஜூன் 11

ஜோசுவாவிடம் சொன்னேன். முதலில் முகவரியை இரண்டு தடவை கேட்டான். பிறகு:

"இன்னாடா மச்சான், மெண்டலா நீ? ஆம்பூர்ல வேலை, வேலூர்ல வீடு. தெனம் நூறு கிலோமீட்டர் போய்ட்டு வரப்போற, அந்தாளு மூஞ்சிய பாக்க?"

"நான் பாக்க இல்ல. அவன் என் மூஞ்சிய பாக்கணும்."

"அதுக்கு ஒரு போட்டோ பிரேம் போட்டு கேட்ல மாட்டிட்டு வாடா. செலவு கம்மி." சிரித்து முடித்துவிட்டு, "முட்டி வலிக்கற அம்மாவுக்கு மாடி வீடு எடுத்த ஒரே புள்ள நீதான்" என்றான்.

போனை வைத்துவிட்டேன். அவனை யாரும் அலட்சியம் என்று சொன்னதில்லை.


ஜூன் 13, வெள்ளி

ஞாயிறு ஆனி பிறக்கிறது, ஆனியில் புது வீட்டுக்குப் போகக் கூடாது, அதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும் என்று அம்மா ஒரே பிடி. விடிவதற்குள் கலவையிலிருந்து ஆட்டோ வைத்து அடுப்பு, சாமி படம், ஒரு மூட்டை அரிசியோடு வந்து இறங்கினாள். அப்பா நிலத்தை விட்டு வரவில்லை. அம்மா படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து நின்று ஏறினாள். "காத்தோட்டமா இருக்கும், அதான் மாடி எடுத்திருக்கான்" என்று கிறிஸ்டினா அம்மாவிடம் எனக்காகப் பெருமை வேறு.

பால் பொங்கியது. அம்மா கும்பிட்டாள். நான் ரெகுலேட்டரைச் சரிசெய்ய உள்ளே போனேன். ஐந்து நிமிடம். வெளியே வந்தால் அம்மா இல்லை.

பால்கனியிலிருந்து பார்க்கிறேன். எவர்சில்வர் சொம்பில் சர்க்கரை போட்ட பாலை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து, நேராக அவன் வீட்டுக் கேட்டைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள்!

கத்தலாமா? கத்தி என்ன சொல்ல? அவன் மனைவி வந்து, தலையைத் தடவாத குறையாக அம்மாவை உள்ளே கூட்டிப் போனாள்.

திரும்பி வந்ததும் கேட்டேன். "எதுக்கும்மா அங்க போன?"

"பால் காய்ச்சுனா அக்கம்பக்கம் குடுக்கறது இல்லையா? கீழ் வீட்டம்மாவுக்கு ஒரு டம்ளரு, எதிர் வீட்டுக்கு ஒரு சொம்பு. சௌந்தரம்னு பேரு. தங்கமான மனுசி. காபி குடுத்தாங்க."

பழி வாங்க வந்த வீட்டின் முதல் பால் அவன் வயிற்றில்.


ஜூன் 14

நடந்தது. ஆறரை மணிக்கே பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். ஏழே காலுக்கு கேட் திறந்தது. நிமிர்ந்தான். பார்த்தான்.

நான் மனதில் பலமுறை ஓட்டிப் பார்த்த காட்சி: முகம் வெளுக்கும், சாவி கீழே விழும்.

நடந்தது: "அட, அன்பரசனா! நீங்களா நம்ம எதிர் வீடு? சௌந்தரம் சொல்லிக்கிட்டு இருந்தா, அம்மா பால் குடுத்தாங்கன்னு. ரொம்ப சந்தோசம் தம்பி. தண்ணி கிண்ணி பிரச்சினைன்னா சொல்லுங்க."

வாயில் பேஸ்ட். பதில் சொல்ல முடியவில்லை. கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

நடிக்கிறான். கண் நடித்ததா? காரை ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு தடவை ஆஃப் ஆனது. அது எனக்குப் போதும்.


ஜூன் 16

வேலையில் சேர்ந்தேன். குவாலிட்டி ஹெட் சுஹேல் அகமது சார். குறைவாகப் பேசுகிறார், நேராகப் பார்க்கிறார். "எங்க தங்கியிருக்கீங்க?" "வேலூர் சார்." "வேலூரா? ஏன்?" "அம்மாவுக்கு ஆஸ்பத்திரி." தலையாட்டினார்.

சப்ளையர் பட்டியலை என்னிடம் கொடுத்தார்கள். மேலிருந்து மூன்றாவது ராணிப்பேட்டை. அஹமது பாஷா டேனரி. ராமமூர்த்தியின் தோல் என் மேசைக்கு வரும்!

வீடும் சரி. வேலையும் சரி.


ஜூன் 24

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், அதில் முக்கால்வாசி நின்றபடி. இடுப்பு போய்விட்டது. ஜோசுவா எட்டு மணிக்குத்தான் எழுந்திருக்கிறான், நாய்.


ஜூலை 3

இந்த வீட்டில் இப்போது அம்மாதான் எதிர் வீட்டுத் தூதர். நான் போனதும் சௌந்தரம் அம்மா மேலே வந்துவிடுகிறாராம், அம்மா படி இறங்கக் கூடாதென்று. முட்டிக்கு ஏதோ தைலம் தடவிவிடுகிறாராம். அந்தச் சொம்பு திரும்பி வந்தது, உள்ளே கொழுக்கட்டை. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாதல்லவா. அம்மா அதில் வேர்க்கடலை நிரப்பி அனுப்பினாள். அது அதிரசத்தோடு வந்தது. முறுக்கோடு போனது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்தச் சொம்பு ஷிஃப்ட் வேலை பார்க்கிறது.

அதிரசத்தை நான் தொடவில்லை. (ஒன்று தின்றேன்.)

ஆனால் இன்று சாப்பிடும்போது அம்மா சொன்னது: "பாவம் சௌந்தரம். சுத்த சைவம். அந்தாளு சட்டை எல்லாம் மீன் நாத்தமாம். ரெண்டு வாட்டி சோடா போட்டு ஊற வெச்சாலும் போவலியாம். 'அக்கா, ஆபீசுக்குப் போறாரா, மீன் மார்க்கெட்டுக்குப் போறாரா தெரியல'ன்னு சிரிக்குது."

கையில் இருந்த சோறு அப்படியே நின்றது.

இன்னும் மீன் எண்ணெய். ஜெர்மனி லாட் போன பிறகும். என்னைத் துரத்தினான், எண்ணெயைத் துரத்தவில்லை.

"இன்னாடா சிரிக்கற?" என்றாள் அம்மா. ஒன்றுமில்லை என்றேன்.


ஜூலை 9

வந்துவிட்டது. கறுப்பு, ஷூ மேல்பாகத் தோல், ராணிப்பேட்டை. கட்டைப் பிரித்ததும் மூக்கை வைத்தேன். சாயம், மெழுகு, அதற்கு அடியில் லேசாக, குழம்பு வைத்த மறுநாள் சட்டி போல. உதவியாளனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

சாதாரண சோதனை: பாஸ். எதிர்பார்த்ததுதான். இங்கே வழக்கம் இதோடு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவது. ஓவனில் வைத்துப் பார்ப்பது ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டால் மட்டும்.

யாரும் கேட்கவில்லை. ஒரு துண்டை வெட்டி எண்பது டிகிரியில் ஓவனில் வைத்தேன். மற்ற சப்ளையர்களின் லாட்டும் பக்கத்தில் இருந்தது. அவற்றை வைக்கவில்லை. இடம் இருந்தது.


ஜூலை 10

சோதனைக் குழாயில் மருந்து விட்டதும் ஊதா ஏறியது. ஏறியது என்றால் ஏறியது, கத்தரிப்பூ மாதிரி. விஷக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை அனுமதி. இது 7.4.

மூன்று முறை செய்தேன். 7.4, 7.2, 7.5. என் கை தவறவில்லை. ஜனவரியிலும் தவறவில்லை.

ரிஜெக்ட் என்று எழுதி என் பெயரை முழுதாகப் போட்டேன். இன்ஷியலோடு. அவன் என் பெயரைப் படிக்க வேண்டும்.

ஜோசுவாவுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். "இவ்ளோ சந்தோசமா உன்ன நான் காலேஜ்ல கூட பாத்ததில்ல. பயமா இருக்குடா" என்றான்.


ஜூலை 14

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

ராமமூர்த்தி கம்பெனிக்கு வந்தான். கூட ஒரு பெண், பூங்குழலி. ராணிப்பேட்டையில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நிமிரவே இல்லை. சுஹேல் சார் நடுவில்.

சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். எண்ணெய், சூடு, குரோமியம், எல்லாம் மனதில் வரிசையாக. அவன் சண்டையே போடவில்லை.

"அன்பு நம்ம பையன்தான் சார். எங்க எதிர் வீடு. போன மாசம்தான் குடி வந்தாங்க. அவங்க அம்மா பால் காய்ச்சி மொத சொம்பு எங்க வீட்டுக்குத்தான் குடுத்தாங்க. தெனம் என் வைஃபும் அவங்களும் ஒண்ணாத்தான் இருக்காங்க. பழைய கம்பெனில எம்மேல கோவம் இருக்கலாம். நான் தப்பா எடுத்துக்கல. சின்ன வயசு."

சிரித்துக்கொண்டே சொன்னான். ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லை. அதுதான்.

சுஹேல் சார் என் பக்கம் திரும்பினார். "ஆறு லாட் வந்துச்சு. ஓவன்ல வெக்கற ஏஜிங் டெஸ்ட் இந்த ஒண்ணுக்கு மட்டும் ஏன்?"

"எனக்கு அந்த எண்ணெய் தெரியும் சார்."

"எப்படித் தெரியும்?"

அவன் சட்டை நாறுவதாக அவன் மனைவி என் அம்மாவிடம் சொன்னாள் என்றா? 

"ஆம்பூர்ல வேலை. வேலூர்ல வீடு. அதுவும் இவர் எதிர்ல. ஊர்ல வேற வீடே கெடைக்கலியா தம்பி?"

பதினொன்று பார்த்தேன் சார். பத்து நிமிட நடையில் ஒன்று இருந்தது சார். சொல்லவில்லை.

முடிவு: என் ரிப்போர்ட் நிறுத்தி வைப்பு. தோல் துண்டு சென்னையில் ஒரு வெளி லேபுக்குப் போகும். ரிசல்ட் வரும் வரை ராணிப்பேட்டை லாட் எதையும் நான் தொடக் கூடாது.

வெளியே காரில் ஏறும்போது ராமமூர்த்தி, "பஸ்ஸுக்கு நிக்காதீங்க தம்பி. நானும் அங்கதான போறேன், ஏறுங்க" என்றான்.

பஸ்ஸில் வந்தேன். நின்றுகொண்டு.

என் டெஸ்ட் சரி. நூற்றுக்கு நூறு சரி. அதைப் பொய்யாக்கியது அவன் இல்லை. இந்தப் பால்கனி.


ஜூலை 15

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைக்கவில்லை, ஆனால் கை நின்றுவிட்டது.

"அப்ப முட்டிக்கு இல்ல."

கீழே சிந்திய அரிசியைப் பொறுக்கினேன்.

"என்ன மாடி ஏத்துனது அந்தாள மொறைக்கறதுக்கு."

"அவன் எனக்கு இன்னா பண்ணான் தெரியுமாம்மா?"

"தெரியாது. நீ சொல்லல. வேல புடிக்கல, வுட்டுட்டேன்னு சொன்ன. சொல்லியிருந்தா நானே அவன் வாசல்ல மண்ண வாரித் தூத்தியிருப்பேன். மனசார. பாலு குடுத்திருக்க மாட்டேன்." முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொம்பள அவ வூட்டு சட்ட நாத்தத்த என்கிட்ட சொன்னா. எங்கிட்டதான் சொன்னா. நீ அத எடுத்துக்கினு லேபுக்குப் போய்ட்டியா?"

நான் மூக்கால்தான் கண்டுபிடித்தேன் என்றேன். அரைப் பொய்.

"வெக்கமா இல்ல?"

எனக்கு எதற்கு வெட்கம்! ஏமாற்றியவன் காரில் போகிறான். நான் வெட்கப்பட வேண்டுமாம்.


ஜூலை 16

ஜோசுவாவிடம் ஆம்பூரில் கீழ் வீடாகப் பார்க்கச் சொன்னேன். அம்மாவும் வருவாள் என்றேன். "இத ஜூன்லயே சொல்லியிருந்தா மூணு வூடு இருந்துச்சு" என்றான். சொல்லாமல் விடுவானா.


ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. அடுத்த ஞாயிறு காலி செய்துவிடலாம் என்றேன்.

அம்மா: "ஆடில யாராச்சும் வூடு மாறுவாங்களா? ஆவணி பொறக்கட்டும்."

"ஒரு மாசம் இருக்கும்மா."

"இருக்கட்டும். தெனம் மூஞ்சிய காட்டணும்னுதான வந்த? காட்டு."


ஜூலை 22

அவன் தினமும் கை ஆட்டுகிறான். நான் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பல் தேய்க்கிறேன். புழுக்கம்.

சௌந்தரம் அம்மா இன்னும் மேலே வருகிறார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை போல. அம்மா பேச்சைக் குறைத்துவிட்டாள். "அக்காவுக்கு வலி ஜாஸ்தியா இருக்கு போல" என்று இன்று என்னிடமே கேட்டார். ஆமாம் என்றேன்.


ஜூலை 28

சென்னை ரிசல்ட் வந்தது. 7.3. ஃபெயில்.

சுஹேல் சார் கூப்பிட்டு என் முன்னால் பேப்பரை வைத்தார். "உங்க டெஸ்ட் சரி. உங்க முறை தப்பு. ரெண்டும் உண்மை. லேப் பெஞ்சுக்குத் திரும்பிப் போங்க." அவ்வளவுதான். லாட் முழுதும் திரும்பிப் போகிறது. டேனரிக்கு மூன்று மாதம் ஆர்டர் கிடையாது.

இதுதான். இதற்காகத்தான். பஸ் ஏறி, இடுப்பு ஒடிந்து, அதிரசத்தைத் தொடாமல் (ஒன்று) இருந்தது. எழுந்து நின்று கத்த வேண்டும் போல் இருந்தது.

அப்போது அவர் இன்னொரு பேப்பரைத் தள்ளினார். ராணிப்பேட்டையிலிருந்து விளக்கம். ராமமூர்த்தி கையெழுத்து. முதல் வரி: லேப் கெமிஸ்ட்டின் அலட்சியத்தால் நேர்ந்த தவறு, சம்பந்தப்பட்டவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது.

ஜனவரியில் என் மேல் போட்ட அதே வரி. உள்ளே ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

"இது பொய் சார். எண்ணெய்தான் காரணம். அந்தப் பொண்ணு இல்ல."

"இருக்கலாம். நம்ம வேல பாஸா ஃபெயிலான்னு சொல்றது. அவங்க வீட்டுக்குள்ள யார அடிக்கறாங்கன்னு பாக்கறது இல்ல."

நான் எறிந்த கல் அவன் மேல் விழவில்லை. அவன் குனிந்துவிட்டான். பின்னால் நின்றவள் மேல் விழுந்தது. குனிவான் என்று எனக்குத் தெரியாதா? உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான்தானே.


ஜூலை 31

ராணிப்பேட்டை ஸ்டோர் கீப்பர் செந்தில்குமாரிடம் பூங்குழலியின் நம்பரை வாங்கினேன். வாலாஜாபேட்டை பெண். அப்பா இல்லை. தம்பி பாலிடெக்னிக்.

பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டாள்.

"எதுக்கு சார் போன் பண்றீங்க? அந்தாளு மேல உங்களுக்குக் கோவம். ஃபெயில் போட்டது நீங்க. மாட்டினது நான்."

"தோல் ஃபெயில்தான் பூங்குழலி. நான் போடலன்னா ஜெர்மனில போட்டிருப்பான்."

"எனக்கு மட்டும் தெரியாதா? போன மாசமே சொன்னேன், ஓவன்ல வெக்கலாம்னு. டயம் இல்லன்னாரு."

எனக்குச் சொன்ன அதே பதில்.  பின்னால் தோல் டிரம் சுற்றும் சத்தம் கேட்டது. இன்னும் உள்ளேதான் இருக்கிறாள்.

"ராஜினாமா குடுத்துட்டியா?"

"டைப் பண்ணி வெச்சிருக்காரு. திங்கக்கெழம கையெழுத்து போடச் சொல்லியிருக்காரு. முதலாளி அன்னிக்குத்தான் வர்றாராம்."

"போடாத."

"போடலன்னா?"

நான் என்ன செய்தேன்? போட்டுவிட்டு, ஐந்து மாதம் கழித்து எதிரில் வீடு எடுத்தேன்.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. தெரு முழுக்க புளியோதரை வாசனை. சௌந்தரம் அம்மா காலையிலேயே தட்டுத் தட்டாகக் கலந்த சாதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பால்கனிக் கதவு இடுக்கிலிருந்து பார்த்தேன். கீழே கிறிஸ்டினா அம்மாவுக்கு. பக்கத்து வீட்டுக்கு. முனையில் இஸ்திரி போடுகிறவருக்கு.

பத்து மணிக்குப் படியில் சத்தம். அம்மா போய்க் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. வாசல்படி மேல் சொம்பு.

அம்மா குனிந்து எடுத்தாள். பளபளவென்று தேய்த்திருந்தது. உள்ளே பார்த்தாள். கவிழ்த்துக்கூடப் பார்த்தாள்.

ஒன்றும் இல்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இத்தனை நாள் போய்வந்ததில், அது வெறுமனே வந்தது இன்றுதான். ஆர்டர் நின்றதைச் சொல்லும்போது எல்லாவற்றையும் சொல்லியிருப்பான். சட்டை நாற்றத்தை யாரிடம் சொன்னோம் என்பது சௌந்தரம் அம்மாவுக்கே நினைவு வந்திருக்கும்.

அம்மா என்னைத் திட்டவில்லை. சொம்பைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். எலுமிச்சைச் சாதம் கிளற எடுத்துவைத்த பழம் மேடையிலேயே கிடக்கிறது.

அவனை விடப்போவதில்லை. அது மாறவில்லை. எங்கிருந்து என்பதுதான் மாறியது. இனி:

1. நாளை காலை லீவு. சுஹேல் சாருக்குப் போன்: ராணிப்பேட்டை போகிறேன், கம்பெனி சார்பாக இல்லை, பழைய லேப் கெமிஸ்ட்டாக. அனுமதி கேட்பதில்லை, தகவல்.

2. ஒன்பது மணிக்கு வாலாஜாவில் பூங்குழலியைச் சந்தித்துச் சேர்ந்து போவது. அவள் வரச் சம்மதித்துவிட்டாள். "நீங்க பேசுங்க, நான் கூட நிக்கறேன்" என்றாள். இல்லை. அவள் முதலில் பேசுவாள், நான் கூட நிற்பேன்.

3. அஹமது பாஷா முன்னால் சொல்வது: ஜனவரி லாட்டிலும் இந்த லாட்டிலும் கெமிஸ்ட் வேறு, மேனேஜர் ஒன்று, எண்ணெய் ஒன்று. ராமமூர்த்தி அதே அறையில், அதே மேசையில் இருக்க வேண்டும். என் முகத்தை அங்கே பார்க்கட்டும்.

4. சட்டை பற்றி அங்கே ஒரு வார்த்தை வரக் கூடாது.

5. செவ்வாய் முதல் எந்த சப்ளையர் தோல் வந்தாலும் ஓவன். ஒருவர் விடாமல்.

6. ஆவணி ஒன்று, 17 ஞாயிறு: ஆம்பூர். ஜோசுவா பார்த்திருக்கும் கீழ் வீடு. தண்ணீர் உப்பு. பரவாயில்லை.

7. சொம்பை மறுபடி எதிர் வீட்டுக்குக் கொண்டுபோவது. அம்மா இல்லை, நான். என்ன சொல்வதென்று தெரியவில்லை. வெறுமனே எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பது மட்டும் தெரியும்.